பஃபலோவிலிருந்து ஜனவரியில் சென்னைக் கல்யாணத்துக்குப் போகிறோம். பனிப்புயல், விமானத் தாமதம் எல்லாம் யோசித்து எப்படி டிக்கெட் எடுப்பது?

கேள்வியில் நீங்கள் சொன்ன விவரம்: ஜனவரி கடைசி வாரம் தங்கைக்குக் கல்யாணம். பஃபலோ - நியூயார்க் ஒரு டிக்கெட், நியூயார்க் - டெல்லி - சென்னை இன்னொரு டிக்கெட் என்று பிரித்து எடுத்தால் 200 டாலர் மிச்சம். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். நான் சிகாகோ பக்கம் இருக்கிறேன், குளிர்காலத்தில்தான் பெரும்பாலும் ஊருக்குப் போவேன். எல்லாவற்றையும் ஒரே பிஎன்ஆரில் போடுவதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை என்பது என் கட்சி. ஒரே டிக்கெட் என்றால், பஃபலோ விமானம் தாமதமாகி நியூயார்க்கில் அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களைச் சென்னையில் கொண்டு சேர்ப்பது ஏர்லைனின் வேலை. இரண்டு டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் பனிக்கதை தேவையில்லை. நீங்கள் வரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகுள்ள பயணங்களும் பெரும்பாலும் ரத்தாகிவிடும், திரும்பி வரும் டிக்கெட் உட்பட. 200 டாலருக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

பஃபலோ - ஜேஎஃப்கே (நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம்) ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பறப்பதுதானே, அதில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். நியூயார்க்கில் வானிலை கெட்டால், மணிக்கு இத்தனை விமானம்தான் இறங்கலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ குறைத்துவிடும். கடல் தாண்டி வரும் விமானத்தைப் பாதி வழியில் நிறுத்த முடியாது. அதனால் பக்கத்து ஊர்களிலிருந்து கிளம்பும் சின்ன விமானங்களைத்தான் தரையிலேயே காக்க வைப்பார்கள். உங்கள் ஊரில் நல்ல வெயில் அடித்தாலும் கேட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பஃபலோ விமான நிலையம் பனியை வழிப்பதில் கெட்டிக்கார இடம். ஓடுபாதையைவிட, இறக்கைதான் நேரத்தைத் தின்னும். இறக்கையில் மெல்லிய உறைபனி படிந்தாலே விமானத்தைத் தூக்கும் விசை குறைந்துவிடும். அதனால் முதலில் ஆரஞ்சு நிறச் சூடான கிளைக்கால் கலவையை அடித்துப் பனியைக் கரைப்பார்கள். பனி தொடர்ந்து பெய்துகொண்டிருந்தால் அதன்மேல் கெட்டியான பச்சை திரவத்தையும் பூசுவார்கள். அந்தப் பூச்சு தாங்கும் நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அதற்குள் மேலே ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போய் முதலிலிருந்து அடிக்க வேண்டும். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் ஃபுளோரிடா விமானம் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. டீ-ஐசிங் (இப்படிப் பனி நீக்கும் வேலை) முடிந்த பிறகு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பனியில் காத்திருந்து கிளம்பிய விமானம் அது. இறக்கையில் மறுபடி பனி பிடித்திருந்தது. எஞ்சினின் பனித்தடுப்பையும் விமானிகள் போடவில்லை. இந்தக் கதை தெரிந்தால் டீ-ஐசிங் வரிசையில் எரிச்சல் வராது. எனக்கு வருவதில்லை; பக்கத்து சீட்டுக்காரர்களுக்குத்தான் வருகிறது.

ஆகவே பஃபலோவிலிருந்து அதிகாலை முதல் விமானத்தைப் பிடியுங்கள். அந்த விமானம் பொதுவாக முந்தின ராத்திரியே வந்து நின்றிருக்கும். மத்தியான விமானமோ அதற்குள் நாலு ஊர் சுற்றி, எல்லா ஊர்த் தாமதத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். அப்புறம் விமானி, பணிப்பெண்களின் பணி நேர வரம்பும் ஒன்று இருக்கிறது. அது முடிந்துவிட்டால் பனி நின்றாலும் வண்டி நகராது. ஜேஎஃப்கேயில் நாலைந்து மணி நேரம் இடைவெளி விடுங்கள். நியூயார்க்கை ஒட்டிய நியூஜெர்சியில், எடிசன் பக்கம் நண்பர் வீடு இருந்தால் முதல் நாளே அங்கே போய்விடுவது இன்னும் நல்லது. காரில் போகலாம் என்ற யோசனை புயலன்று உதவாது, த்ரூவே நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள்.

சென்னைக்குக் கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்பு போக வேண்டும்? என் கணக்கு குறைந்தது நாலு நாள். புயல் ஒரு நாளில் போய்விடும், அது விட்டுப்போகும் குழப்பம் போகாது. 2018 ஜனவரி 4 அன்று நியூயார்க்கில் புயல் அடித்து ஜேஎஃப்கே மூடப்பட்டது. வானம் தெளிந்த பிறகும் வந்திறங்கிய சர்வதேச விமானங்கள் கேட் கிடைக்காமல் மணிக்கணக்கில் நின்றன. 7ஆம் தேதி டெர்மினல் 4-இல் தண்ணீர்க் குழாய் வேறு உடைந்து தரையெல்லாம் வெள்ளம். 2022 கிறிஸ்துமஸ் புயலில் உங்கள் பஃபலோ விமான நிலையமே டிசம்பர் 28 வரை மூடிக்கிடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டெல்லி வழியாகப் போவது பற்றி: ஜனவரியில் அங்கே பனி இல்லை, மூடுபனி உண்டு. விடியற்காலையில் ஓடுபாதையே தெரியாது. கருவி உதவியோடு இறங்கலாம்தான், ஆனால் அதற்குத் தகுந்த விமானமும் பயிற்சி பெற்ற விமானியும் இருக்க வேண்டும். நானாக இருந்தால் ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து தோஹா, துபாய் அல்லது அபுதாபி வழியாகச் சென்னைக்கு ஒரே மாற்றத்தில் போகிற டிக்கெட்டைத்தான் எடுப்பேன். ஐரோப்பாவும் பனிக்கு விலக்கல்ல. 2023 டிசம்பர் 2 அன்று மியூனிக் விமான நிலையத்தையே பனி மூடிவிட்டது.

விசா விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. விமானம் ரத்தானால் கவுன்டரில் "லண்டன் வழியாக இடம் இருக்கிறது, போகிறீர்களா?" என்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா ஸ்டாம்போ, கிரீன் கார்டோ இருந்தால் அங்கே விமானம் மாறுவதற்கு விசா வேண்டாம். ஸ்டாம்ப் காலாவதியாகி, சென்னையில்தான் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் அந்த வழி சரிப்படாமல் போகலாம். அதை முன்பே தெரிந்துவைத்திருந்தால் கவுன்டரிலேயே "வேறு வழி கொடுங்கள்" என்று சொல்லிவிடலாம்.

புயல் வரும் என்று தெரிந்தால் ஒன்றிரண்டு நாள் முன்பே ஏர்லைன்கள் கட்டணமில்லாமல் தேதி மாற்ற அனுமதிக்கும். அந்த அறிவிப்பு வந்த உடனே மாற்றிவிடுங்கள், ரத்தாகட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் அடுத்த நாள் இடமே இருக்காது. அமெரிக்காவில், விமானம் ரத்தாகி மாற்று ஏற்பாட்டை நீங்கள் ஏற்காவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். சர்வதேசப் பயணம் 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனாலும் அப்படியே. ஆனால் பனியால் தாமதம் என்றால் ஹோட்டலும் சாப்பாடும் தர அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. அதற்குப் பயணத் தாமதக் காப்பீடு உள்ள கிரெடிட் கார்டில் டிக்கெட் எடுங்கள்.

நகை, மருந்து, முகூர்த்தப் பட்டு எல்லாம் கைப்பையில். செக்-இன் பெட்டி எங்கே மாட்டிக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது.

திரும்பும்போது பெரும்பாலும் ஜேஎஃப்கேயில் குடிவரவு முடித்து, பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டும். 3 மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை வெப்சைட் காட்டினாலும் எடுக்காதீர்கள். பஃபலோவுக்கு அன்றைய கடைசி விமானத்தையும் தவிருங்கள், அது போய்விட்டால் அடுத்தது மறுநாள் காலைதான்.