1/24 பிளாஸ்டிக் மாடல் கார்: நீங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணே, முதல் கிட் வாங்கப்போறேன். 1/24 எடுக்கவா, 1/25 எடுக்கவா?

பதில்: 1/24ன்னா நிஜக் காரோட சைஸ்ல 24ல ஒரு பங்கு, 1/25ன்னா 25ல ஒரு பங்கு. எதுங்கறது எந்த ஊரு காரு பிடிக்கும்ங்கறத பொறுத்து தம்பி. டாமியா, அயோஷிமா, ஹசேகவா, ஃபுஜிமின்னு ஜப்பான் கம்பெனி கார் கிட் பெரும்பாலும் 1/24 தான். அமெரிக்க காருன்னா ஏஎம்டி, ரெவெல் ரெண்டுலயும் 1/25 நிறைய வரும். என்னக் கேட்டா டாமியாவோட நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 எடு. நிஜக் காரு 4.6 மீட்டர் நீளம், செஞ்சு முடிச்சா கிட்டத்தட்ட 19 செ.மீ. வரும், ஷெல்ஃப்ல அழகா உக்காரும்.

கேள்வி: ஃபெவிக்விக் போட்டே ஒட்டிடலாமா ப்ரோ?

பதில்: ஒட்டும், ஆனா வேணாம். கிட் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். பச்சை மூடி போட்ட டாமியா எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட் பிளாஸ்டிக்கையே கரைச்சு ரெண்டு பார்ட்டையும் ஒண்ணாக்கிடும். ரெண்டையும் சேத்துப் பிடிச்சு இடுக்குல பிரஷ்ஷ தொட்டா போதும், தானா உள்ள ஓடிரும். ஒட்டுற எடத்துல பெயிண்ட்டோ க்ரோமோ இருந்தா மொதல்ல சுரண்டிடுங்க. கண்ணாடிக்கு மட்டும் ரெண்டுமே வேணாம். ஃபெவிக்விக் ஆவி பட்டா வெள்ளையா பூத்துரும், சாதா வெள்ளை ஃபெவிகால் போதும்.

கேள்வி: செவப்பு பிளாஸ்டிக் பாடிக்கு வெள்ளை அடிச்சேன், மறுநாள் பாத்தா ரோஸ் கலரா நிக்குது. பெயிண்ட் மட்டமா?

பதில்: பெயிண்ட் மேல பழி போடாதீங்க. செவப்பு பிளாஸ்டிக்ல இருக்கற சாயம் லாக்கர்ல (காரமான தின்னர் கலந்த, சீக்கிரம் காயற பெயிண்ட்) கரைஞ்சு மேல ஏறி வந்துருது, நீங்க எத்தனை கோட் வெள்ளை அடிச்சாலும் வரும். அடியில ஒரு சில்வர் கோட் போட்டு அடைச்சுட்டு, அதுக்கு மேல வெள்ளை ப்ரைமர் (கலருக்கு முன்னாடி அடிக்கற அடிப்பூச்சு), அப்புறம் கலர்.

கேள்வி: ஸ்ப்ரே கேன்ல அடிச்சா ஆரஞ்சு தோல் மாதிரி சொரசொரன்னு வருது, ஷோரூம் பளபளப்பு எப்படிண்ணே வரும்?

பதில்: இதத்தான் யாராவது கேக்க மாட்டாங்களான்னு பாத்துட்டு இருந்தேன், ஏன்னா மாடல் காரே பாடிதான். மொதல்ல பாடியில மோல்டு கோடு (அச்சு சேர்ற எடத்துல விழற தழும்பு) மெல்லிசா ஓடும், ஃபெண்டர் மேலயும் கூரை ஓரத்துலயும் விரலால தடவிப் பாருங்க, அத சாண்ட்பேப்பர் போட்டு எடுத்துட்டு பாத்திரம் கழுவுற சோப்புல கழுவி காய வச்சு ப்ரைமர் அடிங்க, ப்ரைமர் அடிச்சதும் விட்டுப்போன கீறல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், சரிபண்ணிட்டு மறுபடி ப்ரைமர். கேன வெந்நீர்ல கொஞ்ச நேரம் வச்சு (கொதிக்கற தண்ணி கூடவே கூடாது, அடுப்பு மேலயும் வைக்கக்கூடாது, வெடிக்கும்) ரெண்டு மெல்லிய கோட், அப்புறம் ஒரு ஈரமான கோட். ரொம்ப தூரத்துல இருந்து அடிச்சா பெயிண்ட் வழியிலயே காஞ்சுதான் விழும், அதான் சொரசொரப்பு. கடைசியா க்ளியர் கோட் (நிறமில்லாத பளபளப்பு பூச்சு), நல்லா காஞ்சப்புறம் தண்ணி தொட்டு 2000 நம்பர் பேப்பர், அப்புறம் பாலிஷ் காம்பவுண்ட். விளிம்புகள்ல பேப்பர் போடாதீங்க, பிளாஸ்டிக் தெரிஞ்சிரும். காஞ்சிருச்சான்னு கண்டுபிடிக்க மூக்கே போதும், வாசன வந்தா இன்னும் காயல.

கேள்வி: மழை நாள்ல அடிச்சேன், கருப்பு பெயிண்ட் மேல புகை படிஞ்ச மாதிரி வெள்ளை.

பதில்: லாக்கர் தின்னர் வேகமா ஆவியாகறப்போ அந்த எடம் குளிர்ந்து காத்துல இருக்கற ஈரம் அதுமேல படிஞ்சிருது. சென்னை மாதிரி ஊர்ல வெயில் காயற நாளா பாத்து அடிங்க. ஏர்பிரஷ் இருந்தா ரிடார்டர் (காயறத மெதுவாக்கற திரவம்) கலந்த தின்னர மெலிசா மேல அடிச்சா பெரும்பாலும் போயிரும்.

கேள்வி: காரு தூக்கலா நிக்குது, எப்படி எறக்கறது?

பதில்: பெயிண்ட்டுக்கு முன்னாடியே பண்ணணும். 1 மி.மீ. எறக்குனாலே நிஜக் கார்ல 24 மி.மீ. எறக்குன கணக்கு, அதனால பேராசை வேணாம். ஆக்சில் உக்கார்ற எடத்த எறக்கற அதே அளவு மேல்பக்கமா நகத்துங்க, நாலு வீலும் தரையில படுதான்னு கண்ணாடி மேல வச்சுப் பாருங்க. டயர் ஃபெண்டர்ல முட்டுனா ஃபெண்டர் உள்பக்கத்த சுரண்டுங்க. அயோஷிமா தனியா வீல் செட் விக்கறாங்க, 19 இன்ச்னா 1/24ல 20 மி.மீ. விட்டம் இருக்கும்.

கேள்வி: இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் வயர் எல்லாம் இழுக்கணுமா?

பதில்: ஆசை இருந்தா இழுங்க. பானட்ட மூடிட்டா யாரு பாக்கப்போறா?

கேள்வி: பழைய கிட்ல டயர் பட்ட எடம் உருகி இருக்கே?

பதில்: டயர்ல கலந்திருக்கற பிளாஸ்டிசைசர் (டயர மெதுவா வச்சுக்கற ரசாயனம்) வேல அது, கிட்டோட பாலிஸ்டைரீன கொஞ்சங்கொஞ்சமா தின்னும். வாங்குன உடனே டயர தனி கவர்ல போட்டு வைங்க, கண்ணாடி பார்ட் பக்கமே விடாதீங்க.

கேள்வி: 2கே க்ளியர் நல்லா இருக்குன்றாங்களே?

பதில்: பளபளப்பு சூப்பர்தான். ஆனா 2கேன்னா க்ளியரோட ஹார்டனர்னு (இறுக வைக்கற ரசாயனம்) ஒண்ண கலந்து அடிக்கறது, அந்த ஹார்டனர்ல நுரையீரலுக்கு ஆபத்தான ஐசோசயனேட் இருக்கு, துணி மாஸ்க் எல்லாம் அதுக்கு ஆகாது. சரியான ரெஸ்பிரேட்டர், காத்தோட்டம் ரெண்டும் இல்லாதவங்க, வீட்ல குழந்தை இருக்கறவங்க சாதா லாக்கர் க்ளியரோட நில்லுங்க.