நாலு மூவ் போதும், கடைக்கு ஓட வேண்டாம்: போக்கிமான் கேள்வி-பதில்

நுகர்வோர் பகுதிக்கு வீடியோ கேம் பற்றிய கேள்விகள் இப்போது நிறைய வருகின்றன. இந்த முறை போக்கிமான் பேட்டில் தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களை மோதவிடும் விளையாட்டு இது; ஒவ்வொரு போக்கிமானுக்கும் நாலு மூவ், அதாவது நாலு உத்திகள், மட்டும்தான். போட்டியில் ஜெயிக்க எதை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் உள்ள விஷயம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். போக்கிமான் ஸ்கார்லெட் வைத்திருக்கிறேன். ஆன்லைன் டபுள்ஸ் (இரண்டுக்கு இரண்டு) ரேங்க் பேட்டிலில் என் கார்சாம்ப் என்ற போக்கிமான் எப்போதும் சீக்கிரம் விழுந்துவிடுகிறது. எர்த்குவேக், அவுட்ரேஜ், ஸ்டோன் எட்ஜ், ஃபயர் பிளாஸ்ட் என்று நாலுமே பவர் அதிகமுள்ள மூவ்கள். டி.எல்.சி. (விளையாட்டுக்குத் தனியாக விலைக்கு வாங்கும் கூடுதல் பகுதி) வாங்கினால் டீம் வலுவாகும் என்கிறான் நண்பன். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த டி.எல்.சி. அமெரிக்க விலையில் 34.99 டாலர். விளையாட்டின் விலையான 59.99 டாலரில் பாதிக்கும் மேல். உங்கள் பிரச்சினையை அது தீர்க்காது. நீங்கள் அனுப்பிய நாலு மூவ்களைப் பார்த்தாலே காரணம் தெரிகிறது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஃபயர் பிளாஸ்ட், அட்டாக்கை அல்ல, ஸ்பெஷல் அட்டாக் என்ற தனி அளவை வைத்து அடிக்கும் மூவ். கார்சாம்புக்கு அட்டாக் 130, ஸ்பெஷல் அட்டாக் 80தான். அதனால் மூவின் விவரத்தில் 110 பவர் என்று போட்டிருந்தாலும் அந்த அடி எதிரி மேல் லேசாகத்தான் விழும். கார்விநைட் போன்றவற்றுக்குப் பயந்து அதை வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கார்விநைட் ஃபிளையிங், ஸ்டீல் என்ற இரண்டு டைப்பும் (வகையும்) சேர்ந்த போக்கிமான். கிரவுண்ட் அடி (எர்த்குவேக்) அதன் மேல் படவே படாது, டிராகன் அடி (அவுட்ரேஜ்) பாதிதான் படும். பயம் நியாயமானது. ஆனால் டபுள்ஸில் பக்கத்தில் இன்னொரு போக்கிமான் நிற்கிறதே! கார்விநைட்டைக் கவனிக்கும் வேலையை ஒரு ஃபயர் அல்லது எலக்ட்ரிக் கூட்டாளியிடம் கொடுங்கள்.

அவுட்ரேஜ் 120 பவர். ஒருமுறை ஆரம்பித்தால் இரண்டு மூன்று டர்ன் (சுற்று) நிறுத்த முடியாது, முடிந்ததும் கார்சாம்ப் குழம்பிப் போகும். டபுள்ஸில் எந்த எதிரியை அடிப்பது என்பதைக்கூட நீங்கள் தீர்மானிக்க முடியாது. எதிரில் ஒரு ஃபேரி டைப் வந்து நின்றால் டிராகன் அடி அதன் மேல் படவே படாது, நீங்களோ மாற்ற முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். 80 பவர்தான் என்றாலும் டிராகன் கிளா நூற்றுக்கு நூறு படும், விரும்பிய எதிரியை அடிக்கும், அடுத்த டர்னில் உங்களைக் கட்டிப்போடாது.

எர்த்குவேக்கைப் பற்றித்தான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டபுள்ஸில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களை அடிக்கும் மூவ்களின் பலம் முக்கால் பங்காகக் குறையும். 100 பவர் எர்த்குவேக் நடைமுறையில் 75. அது உங்கள் கூட்டாளியையும் சேர்த்து அடிக்கும். ஸ்டாம்பிங் டாண்ட்ரம் என்ற மூவ் ஒரே எதிரியை 75 பவரோடு அடிக்கிறது, கூட்டாளியைத் தொடாது. ஆக, ஒரு எதிரி மேல் விழும் அடி இரண்டிலும் ஒன்றுதான். இரண்டு எதிரிகளையும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும், பக்கத்தில் பறக்கும் கூட்டாளி இருக்கிறார் அல்லது அவர் அந்த டர்னில் புரொடெக்ட் (வரும் அடியைத் தடுக்கும் மூவ்) போடுவார் என்றால் எர்த்குவேக். இல்லையென்றால் டாண்ட்ரம். உங்கள் டீமில் கார்சாம்போடு அடிக்கடி இறங்குபவர் யார் என்று பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

ஸ்டோன் எட்ஜ் 80 சதவீதம்தான் படும். ராக் ஸ்லைடு 75 பவர், 90 சதவீதம் படும், இரண்டு எதிரிகளையும் அடிக்கும், நீங்கள் முந்திக்கொண்டால் 30 சதவீத வாய்ப்பில் எதிரி அந்த டர்னில் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றுவிடுவார். டபுள்ஸில் நான் ராக் ஸ்லைடைத்தான் எடுப்பேன்.

இப்போது மிக முக்கியமான விஷயம்: உங்கள் கார்சாம்பிடம் புரொடெக்ட் இல்லை. டிராகன், கிரவுண்ட் இரண்டுமே ஐஸுக்குப் பயப்படுவதால் கார்சாம்ப் மேல் ஐஸ் அடி நாலு மடங்கு விழும். எதிரில் ஐஸ் பீம் வைத்திருப்பவர் இறங்கியவுடன் அவருடைய குறி உங்கள் கார்சாம்ப்தான், இதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. புரொடெக்ட் போட்டால் அந்த டர்ன் அவருக்கு வீண். அதே டர்னில் உங்கள் கூட்டாளி அவரை அடித்துவிடலாம். எதிரணி டெயில்விண்ட் போட்டு வேகத்தை இரட்டிப்பாக்கியிருந்தால் அது நாலு டர்ன்தான் நிற்கும். டிரிக் ரூம் போட்டு வேகத்தின் வரிசையையே தலைகீழாக்கியிருந்தால் அஞ்சு டர்ன். ஒரு புரொடெக்ட் அதில் ஒரு டர்னைத் தின்றுவிடும். அடுத்தடுத்து போட்டால் இரண்டாவது முறை பலிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகக் குறையும், அதனால் தொடர்ந்து போடாதீர்கள்.

நாலு பேரும் சாம்பார் கொண்டுவந்த விருந்து மாதிரிதான் இப்போது உங்கள் மூவ்செட். நாலுமே அடிப்பவை. ஒரு தாளில் நாலு மூவ்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இது யாருக்காக, எந்த நேரத்தில்' என்று எழுதுங்கள். எழுத முடியாத மூவைத் தூக்கிவிடுங்கள். எனக்குத் தோன்றுவது: டிராகன் கிளா, ராக் ஸ்லைடு, புரொடெக்ட், அப்புறம் எர்த்குவேக் அல்லது ஸ்டாம்பிங் டாண்ட்ரம். அஞ்சு மூவும் ஸ்கார்லெட்டின் மூல விளையாட்டிலேயே டி.எம். (மூவைக் கற்றுக்கொடுக்கும் கருவி) வழியாகக் கிடைப்பவை. ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

டி.எல்.சி.யில் புதிய கதையும் இடங்களும் உண்டு. அதற்காக வாங்கினால் தவறில்லை. ஆனால் அதோடு திரும்பி வந்த இன்சினரோர் போன்ற போக்கிமான்களைப் பயன்படுத்த மட்டும் என்றால், இலவச அப்டேட் போட்டுவிட்டு நண்பரிடம் டிரேடு செய்து வாங்கிக்கொள்ளலாம். போக்கிமான்களைச் சேமித்து விளையாட்டுகளுக்கிடையே மாற்ற உதவும் போக்கிமான் ஹோம் வழியாகவும் கொண்டுவரலாம். அதன் இலவசத் திட்டத்தில் 30 போக்கிமான் வரை வைக்க இடம் உண்டு.

கேள்வி: என் மகன் போட்டிக்குத் தயாரான ஆறு போக்கிமான்களை ஆன்லைனில் ஒருவரிடம் விலைக்கு வாங்கித் தரச் சொல்கிறான். சில நூறு ரூபாய்தான். தரலாமா?

பதில்: கண்டிப்பாகத் தராதீர்கள், அம்மா. பணம் சின்னதுதான், ஆனால் அப்படி விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை விளையாட்டுக்கு வெளியே மென்பொருளால் உருவாக்கப்பட்டவை. 2023 ஆகஸ்டில் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில், இப்படி உருவாக்கப்பட்டவற்றைக் கண்டுபிடிக்கும் சோதனையில் மாட்டி சிலர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். வருடம் முழுக்க உழைத்துத் தகுதி பெற்று அவ்வளவு தூரம் போனவர்கள் அவர்கள். விற்றவர் பொறுப்பேற்கமாட்டார், பில்லும் இருக்காது, புகார் கொடுக்க முகவரியும் இருக்காது.

அவன் ஏன் கேட்கிறான் என்பது எனக்குப் புரிகிறது. முன்பெல்லாம் ஒரு போக்கிமானைத் தயார் செய்ய மணிக்கணக்கில் முட்டை பொரிக்க வைக்க வேண்டும். ஸ்கார்லெட்டிலும் அதன் ஜோடி விளையாட்டான வயலட்டிலும் அந்தச் சிரமம் வெகுவாகக் குறைந்துவிட்டது. விளையாட்டுக்குள் இருக்கும் பணத்தில் ஒரு வைட்டமின் 10,000. ஒரு ஸ்டாட்டை (அட்டாக், வேகம் போன்ற ஒரு திறன் அளவை) உச்சத்துக்குக் கொண்டுபோக 26 வைட்டமின், அதாவது 2,60,000. நேச்சரை (எந்த ஸ்டாட் கூடும், எது குறையும் என்று தீர்மானிக்கும் குணத்தை) மாற்றும் மின்ட் 20,000. மறந்த மூவை மெனுவிலேயே இலவசமாகத் திரும்பக் கற்றுக்கொடுக்கலாம். விளையாட்டுக்குள் வரும் அகாடமி ஏஸ் டோர்னமெண்ட் என்ற போட்டியைத் திரும்பத் திரும்ப ஆடினால் அந்தப் பணம் சேர்ந்துவிடும். ஒரு வாரயிறுதியில் அவனோடு உட்கார்ந்து ஒரு போக்கிமானையாவது செய்து பாருங்கள். தானே தயார் செய்தவன்தான் எந்த மூவ் எதற்கு என்று தெரிந்து ஆடுவான்.

கேள்வி: அப்படியென்றால் எதையும் வாங்காமலேயே பழக முடியுமா? சுவிட்ச் (இந்த விளையாட்டு ஓடும் நிண்டெண்டோ கருவி) இன்னும் வாங்கவில்லை.

பதில்: முடியும். போக்கிமான் ஷோடவுன் என்ற சிமுலேட்டர் பிரவுசரிலேயே ஓடும், கட்டணம் கிடையாது. எந்த போக்கிமானையும், அதற்கு அனுமதிக்கப்பட்ட எந்த மூவையும் உடனே தேர்ந்து உண்மையான ஆட்களோடு ஆடலாம். ஒரு மூவ் பிடிக்கவில்லையா, அரை நிமிடத்தில் மாற்றிவிட்டு அடுத்த ஆட்டம். கூடவே ஒரு அடி எவ்வளவு உயிரைக் குறைக்கும் என்று கணக்கிடும் டேமேஜ் கால்குலேட்டரும் இலவசம். முதலில் அங்கே ஒரு டீமை நிலைப்படுத்திக்கொண்டு, பிறகு செலவைப் பற்றி யோசியுங்கள்.

ஒன்று கவனியுங்கள்: அதிகாரப்பூர்வப் போட்டி எந்த விளையாட்டில் நடக்கிறது என்பது மாறக்கூடியது. பேட்டிலுக்கென்றே தனியாக போக்கிமான் சாம்பியன்ஸ் என்ற விளையாட்டை சுவிட்சுக்கும் மொபைலுக்கும் 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். போட்டிக்காக வாங்குபவர்கள் அந்த சீசனின் விதிமுறையைப் படித்துவிட்டே கார்ட்ரிட்ஜுக்குப் பணம் கட்டுங்கள். ஸ்கார்லெட் வாங்கினாலும் ஆன்லைனில் மோத நிண்டெண்டோ சுவிட்ச் ஆன்லைன் சந்தா தனியாக வேண்டும். அமெரிக்க விலையில் ஒரு வருடத்துக்கு 19.99 டாலர், ஒரு மாதத்துக்கு 3.99. ஒரு மாதம் எடுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கேள்வி: ஜப்பான் கார்ட்ரிட்ஜ் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: சுவிட்ச் கார்ட்ரிட்ஜுக்கு நாட்டுத் தடை கிடையாது, ஓடும். ஆனால் டி.எல்.சி.யை அந்த கார்ட்ரிட்ஜ் எந்தப் பிராந்தியத்துடையதோ அந்தப் பிராந்தியத்தின் ஈஷாப் என்ற நிண்டெண்டோ ஆன்லைன் கடையிலிருந்துதான் வாங்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் வாங்கிய டி.எல்.சி. ஜப்பான் கார்ட்ரிட்ஜோடு சேராது. ஸ்கார்லெட்டுக்கு வாங்கியது வயலட்டுக்கும் ஆகாது. நம் ஊரில் இவை இறக்குமதிச் சரக்காகத்தான் வருகின்றன, எனவே வாரண்டி என்று கடைக்காரர் சொல்வது அவருடைய வாரண்டியா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை பெட்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: ஃபயர் பிளாஸ்ட்டா, ஃபிளேம்த்ரோவரா?

பதில்: 110 பவர், 85 சதவீதம் படும்; 90 பவர், எப்போதும் படும். பெருக்கிப் பார்த்தால் சராசரி 93.5-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம்தான். அதனால் சராசரியைப் பார்க்காதீர்கள். நீங்கள் வீழ்த்த நினைக்கும் எதிரியின் பெயரை டேமேஜ் கால்குலேட்டரில் போடுங்கள். ஃபிளேம்த்ரோவரே அவரை ஒரே அடியில் வீழ்த்தும் என்றால் கூடுதல் 20 பவர் எதற்கும் உதவாது, 15 சதவீதம் தவறும் பயம் மட்டும் மிச்சம். ஃபிளேம்த்ரோவர் கொஞ்சத்தில் விட்டுவிடுகிறது, ஃபயர் பிளாஸ்ட் முடித்துவிடுகிறது என்றால் அப்போது துணியலாம். அதே மூவ் இரண்டு முறை தொடர்ந்து பட்டாக வேண்டிய நிலையில் இருந்தால் 85 சதவீதம் 72 ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஒருவர் மாதக் கட்டணத்தில் ஆன்லைன் பயிற்சி தருகிறார். யாரும் எதிர்பார்க்காத ரகசிய மூவ்செட்களைச் சொல்லித் தருவதாக விளம்பரம். சேரலாமா?

பதில்: பயிற்சிக்குப் பணம் கொடுப்பது தவறில்லை. நீங்கள் தோற்ற ஆட்டங்களைப் பார்த்து எங்கே தவறினீர்கள் என்று சொல்பவராக இருந்தால் ஒரு வகுப்பு மட்டும் எடுத்துப் பாருங்கள், மாதக்கணக்கில் முன்பணம் வேண்டாம். 2016 உலக சாம்பியன் வுல்ஃப் கிளிக் போன்றவர்களே யூடியூபில் இலவசமாக விளக்குகிறார்கள், முதலில் அதைப் பாருங்கள். ஆனால் 'ரகசிய மூவ்செட்' என்று விற்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

விசித்திரமான தேர்வு ஜெயிக்கும் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 2014 வாஷிங்டன் உலகப் போட்டி. செஜுன் பார்க் பச்சிரிசு என்ற குட்டி அணிலை வைத்து சாம்பியன் ஆனார். அதன் அட்டாக் வெறும் 45. ஆனால் அதன் மூவ்களைப் பாருங்கள்: ஃபாலோ மீ, எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுக்கிறது. சூப்பர் ஃபேங், எதிரியிடம் இருக்கும் உயிரைப் பாதியாக்குகிறது, இதற்கு அட்டாக் எவ்வளவு என்பது தேவையே இல்லை. நசில், பட்டால் நிச்சயமாக பாராலிசிஸ் (வேகம் குறைந்து, சில சமயம் நகரவே முடியாத நிலை). நாலாவது புரொடெக்ட். அதோடு வோல்ட் அப்சார்ப் என்ற எபிலிட்டி (இயல்பான திறமை) இருப்பதால் அதே டீமில் எலக்ட்ரிக்குக்குப் பயப்படும் கியாரடோஸ் மேல் வரும் மின்சார அடியைத் தானே வாங்கிக்கொண்டு உயிரும் ஏற்றிக்கொள்ளும். அந்த டீமுக்கு என்ன தேவையோ அதை நாலு மூவும் சரியாகச் செய்தன. அதே பச்சிரிசுவை இன்னொரு டீமில் வைத்தால் இவ்வளவு பயன் இருக்காது.

இன்னொன்று, 2023 சீசனிலிருந்து அதிகாரப்பூர்வப் போட்டிகளில் ஓப்பன் டீம் ஷீட் வந்துவிட்டது. ஆட்டம் தொடங்குமுன் உங்கள் போக்கிமான்களின் மூவ், ஐட்டம், எபிலிட்டி எல்லாம் எதிராளி கையில் இருக்கும். ஸ்டாட் பங்கீடு மறைவு. வீட்டிலிருந்து ஆடும் ரேங்க் பேட்டிலில் அப்படி ஷீட் கிடையாது, அங்கே ஆச்சரிய மூவ் ஒருமுறை பலிக்கலாம். நேரடிப் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், எதிராளி பார்த்துக்கொண்டிருக்கும்போதும் வேலை செய்யும் மூவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயிற்சியாளரிடமும் இதையே கேளுங்கள்: 'இந்த செட் எதிராளிக்குத் தெரிந்த பிறகும் ஜெயிக்குமா?' அவர் என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்துவிட்டுக் கட்டணத்தைப் பற்றிப் பேசுங்கள்.