டான்டிலயன் இலையிலை சம்பல் போடேலுமோ?

கேள்வி: அக்கா, ஸ்பிரிங் வந்தோடனை எங்கட பின்வளவு முழுக்க டான்டிலயன் எண்ட மஞ்சள் பூக் களைச்செடி முளைச்சு நிக்குது, பிடுங்கி எறியாமல் வல்லாரை மாதிரி சம்பல் போடேலுமோ?
- வாசகி, ஸ்காபரோ, கனடா

பதில்: தாராளமா போடுங்கோ தங்கச்சி, இத்தாலி, கிரேக்க ஆக்கள் காலங்காலமா சலாட்டுக்கு எடுக்கிற இலைதான் இது. ஆனா மஞ்சள் பூ வர முதல் நடுவிலை இருக்கிற இளம் இலையா பாத்து எடுங்கோ, பூத்தாப் பிறகு கைப்பு கூடிடும். ரோட்டுக்கரை, நாய் கொண்டு போற இடம் வேண்டவே வேண்டாம். எங்கட ஒன்டாரியோ மாகாணத்திலை 2009இலை இருந்து வீட்டுப் புல்லுக்கு அடிக்கிற ரசாயனக் களைகொல்லியள் கனக்கத் தடை எண்டதாலை, மருந்து அடிக்காத உங்கட வளவுதான் நல்லம். மண் போக ரெண்டு மூண்டு தண்ணியிலை கழுவி, கொஞ்ச நேரம் உப்புத்தண்ணியிலை ஊறவிட்டு, ஈரம் போக உதறி, வல்லாரைக்கு அரியிற மாதிரியே பொடியா அரிஞ்சு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு எல்லாம் போட்டு கையாலை பிசைஞ்சு வையுங்கோ, தேசிக்காய்ப்புளி சாப்பிடேக்கை மட்டும் விடுங்கோ, முதலே விட்டா பச்சை நிறம் போயிடும். முதல்தரம் எண்டா பாதிக்குப் பாதி லெட்டஸ் கலவுங்கோ, பிள்ளையளும் சாப்பிடுவினம். வீட்டிலை ஆரும் ரத்தம் கட்டியாகாமல் இருக்கிறதுக்கு வாஃபரின் குளிசை எடுக்கினமெண்டா டொக்டரிட்டைக் கேட்டுப்போட்டுக் குடுங்கோ, இந்த இலையிலை விட்டமின் கே கனக்க இருக்கு, அது அந்தக் குளிசையின்ரை வேலையைக் குறைச்சுப்போடும்.