கேமரா பற்றிக் கேட்டீர்கள்: மதுரை ஸ்டுடியோவிலிருந்து பதில்கள்

கீழவாசல் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கேமரா பிடிக்க ஆரம்பித்து 26 வருஷம் ஆகிறது. படம் எடுப்பதில் எப்படி வளர்வது, எதற்காக எடுப்பது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன். எந்தக் கேமரா வாங்கலாம் என்று மட்டும் கேட்டவர்கள் முதல் பதிலோடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்: அண்ணே, மூணு வருஷமா எடுக்கிறேன். எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கு. லென்ஸ் மாத்தினா சரியாகுமா?

ஆகாது தம்பி. கேமராவோடு வந்த லென்ஸே போதும். கையில் காசு இருந்தால் 50 எம்எம் 1.8 ஒன்று வாங்கி, ஒரு வருஷத்துக்கு அதைக் கழற்றாதே. ஜூம் கிடையாது, கிட்டே வேண்டுமென்றால் நீதான் நடக்கணும்.

நான் பழகியது பிலிமில். ரோலுக்கு 36 படம். கல்யாண வீட்டுக்கு முதலாளி எண்ணித்தான் ரோல் கொடுப்பார். கழுவி வந்த நெகடிவை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இந்த மூணு எதுக்குடா எடுத்தே?" என்பார். திருதிருவென்று முழிப்பேன். இன்றைக்கு அவர் இல்லை. ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அதே கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். பாதிப் படங்களுக்கு இப்போதும் முழிதான்.

கல்யாணப் போட்டோகிராபர், உசிலம்பட்டி: தாலி கட்டு, மாலை மாத்து, ட்ரோன் ஷாட், அப்புறம் அடுத்த மண்டபம். சலிச்சுப்போச்சு சார். இதுல கலை எங்க இருக்கு?

எனக்கும் சலித்தது. பத்தாவது வருஷமோ என்னவோ, இதை மூடிவிட்டு ரீசார்ஜ் கடை போடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போது ஒரு நாள் காலை ஆறரைக்கு ஷட்டரைத் தட்டினார்கள். அப்பத்தா ராத்திரி தவறிவிட்டது, பத்து மணிக்குள் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்கணும், படத்தைப் பெரிசு பண்ணிக் கொடுங்கள் என்றார்கள். (மதுரையில் பிளெக்ஸ் இல்லாமல் எந்தக் காரியம் நடந்திருக்கிறது?) கொண்டுவந்தது வாக்காளர் அட்டை. அதில் இருந்த முகம் யாருடையது என்று அந்த வீட்டாருக்கே சந்தேகம்.

வேறு படம் இல்லையா என்று கேட்டதும் பேரன் தன் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் எடுத்த ஆல்பம். நாற்பது பக்கத்தையும் புரட்டினோம். மேடை குரூப் போட்டோ ஒன்றில், பின்வரிசையில் அப்பத்தா நின்றது. முன்னால் நின்றவரின் தோள் பாதி முகத்தை மறைத்திருந்தது. அவ்வளவுதான். அந்தக் கல்யாணத்தில் ஆயிரம் படத்துக்கு மேல் எடுத்திருந்தேன். பேரன் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதிலிருந்து எந்த மண்டபத்துக்குப் போனாலும், முகூர்த்தத்துக்கு முன்னால் அரை மணி நேரம் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். முன்வரிசை நாற்காலிகளில் பெரியவர்கள் சுருக்குப் பையைத் திறந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பார்கள். மண்டபத்து விளக்கு உச்சியிலிருந்து விழும், கண் இரண்டும் குழியாகிவிடும். அதனால் "அப்பத்தா, வாசப்பக்கம் வந்து உக்காருங்க, காத்து வரும்" என்று கூட்டிவந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் உட்கார வைப்பேன். "என்னையப் போயி எடுக்கிறியேப்பா" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து முடித்துக் கையை இறக்கும்போது அழுத்த வேண்டும். கொஞ்சம் பிந்தினால் முகம் விறைத்துவிடும், பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான்.

இதற்கு யாரும் காசு தருவதில்லை. ஆல்பத்தில் சேர்க்கச் சொல்வதும் இல்லை. ஊர்ப் பெயர், தேதி போட்டுத் தனி போல்டரில் வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஏழெட்டு வீட்டிலிருந்து தேடி வருகிறார்கள். கலையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ரீசார்ஜ் கடை யோசனை மட்டும் போய்விட்டது.

இல்லத்தரசி, வில்லாபுரம்: செல்போனில் எடுக்கிற நானும் போட்டோகிராபர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள் அக்கா. எடுக்கும் முன் லென்ஸை மட்டும் முந்தானையில் ஒரு தடவை துடையுங்கள். செல்போன் படம் மங்குவதற்குப் பாதிக் காரணம் விரலில் இருக்கிற எண்ணெய்.

சென்னையிலிருந்து ஒருவர்: சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறேன். அழகர் ஆற்றில் இறங்குவதை எங்கே நின்று எடுக்கலாம்?

நானும் பல வருஷம் அந்தத் தங்கக் குதிரையைத் துரத்தியிருக்கிறேன் சார். இந்த வருஷம் என்ன நிறப் பட்டு என்று ஊரே எட்டிப் பார்க்கும். பச்சை என்றால் விளைச்சல் என்று நம்பிக்கை. முட்டி மோதி எடுத்துக்கொண்டு வந்தால், மறுநாள் பேப்பரில் அதே படம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். ஒரு வருஷம், தோல் பையால் தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர் ஒருவர் நேராக என் லென்ஸில் அடித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அழகருக்கும் அவருக்கும் நடுவில் நின்றது நான்தான்.

முந்தின நாள், அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கே தல்லாகுளம் வந்துவிடுங்கள். செம்பு நிறையச் சர்க்கரை போட்டு, வாழை இலையால் வாய்கட்டி, மேலே சூடம் ஏற்றிக் கையில் ஏந்தி நிற்பார்கள். அந்தச் சூடத்தின் வெளிச்சம் கீழேயிருந்து முகத்தில் விழும். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/125 நொடி வைத்தால் போதும், பிளாஷைத் தொடாதீர்கள். கேமராவுக்கு ஒரு பாலிதீன் பையும் ரப்பர் பேண்டும் மறக்க வேண்டாம்.

மேலூரிலிருந்து ஒரு தங்கை: சந்தையில், தெருவில் ஆட்களைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டுமா? கேட்டால் இயல்பு போய்விடுகிறதே அண்ணா.

போகும்தான். ஆனாலும் கேளும்மா. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கேட்காமல் எடுத்துப் போட்டிக்கு அனுப்பினேன். பரிசு வந்தது. பிரிண்ட் போட்டுப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, நான் நல்ல சேல கட்டியிருக்கிற அன்னிக்கு எடுத்திருக்கக் கூடாதா?" என்றார். நான் 'இயல்பு' என்று நினைத்தது அவருக்குக் கிழிந்த சேலை. அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிவைத்துப் போய், விறைப்பாக நிற்க வைத்தே எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் மாட்டியிருக்கிறார்.

ஒத்தக்கடையிலிருந்து ஒரு பொறியாளர்: யானைமலையை எல்லாரும் எடுத்துத் தள்ளிட்டாங்க. என் படத்துக்கு நாலு லைக் வருது. எதுக்குத்தான் எடுக்கிறது?

1858இல் லினியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி நம் ஊருக்கு வந்து படம் எடுத்தார். மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர். பெரும்பாலும் மெழுகு தடவிய காகிதம்தான் அவருக்கு நெகடிவ். கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் அதில் உண்டு. வானத்துக்கு மேகம் போதவில்லை என்றால் நெகடிவிலேயே கையால் தீட்டுவார். அந்தக் காகிதத்தில் வெளிச்சம் பதிய நேரம் பிடிக்கும், நடந்து போகிறவர்கள் பதிய மாட்டார்கள். ஒவ்வொரு கல்லும் தெளிவாக இருக்கிற அந்தப் படங்களில் நான் மனுஷங்களைத்தான் தேடினேன். பூ யார் விற்றார்கள், எப்படி முடிந்துகொண்டார்கள் என்று பார்க்க ஆசை.

மலை அங்கேயேதான் இருக்கும் சார். அடிவாரத்து டீக்கடைக்காரரை எடுத்து வையுங்கள். லைக் அப்போதும் நாலுதான் வரும்.

பெயர் போடாத ஒருவர்: படங்களை எதில் சேமிப்பது?

இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வேறு வீடுகளில். என் மகளின் முதல் இரண்டு வருஷப் படங்களைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர், திருமங்கலம்: இப்பத்தான் ஏஐ வந்துருச்சே அண்ணாச்சி. மங்கின படத்தை அதுவே தெளிவாக்கிக் கொடுத்துருது. இனி நமக்கு என்ன வேலை?

நானும் பயன்படுத்துகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. போன மாதம் செக்கானூரணிப் பக்கமிருந்து ஒரு அம்மா, தன் தாயாரின் தபால்தலை அளவுப் படத்தைக் கொண்டுவந்தார். பழைய பாஸ்புக்கிலிருந்து பிய்த்தது. செயலியில் போட்டதும் பளிச்சென்று வந்துவிட்டது. ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. 12க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் முகம் மாறவே இல்லை. "யாருண்ணே இது?" என்றார்.

அப்புறம்தான் கவனித்தேன். அந்தப் பாட்டிக்குத் தண்டட்டி என்கிற கனமான காதணி போட்டு வளர்த்த காது. தண்டட்டியை எப்போதோ விற்றுவிட்டிருக்க வேண்டும், தோள் வரைக்கும் வெறும் காது தொங்கும். செயலி அதை என்னவென்று நினைத்ததோ, அழகாக வெட்டிச் சிறிசாக்கி ஒரு கம்மல் மாட்டியிருந்தது.

பழைய படத்தையே திரும்ப ஸ்கேன் பண்ணி, கீறலை மட்டும் கையால் எடுத்து, மங்கலாகவே போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா கண்ணாடிச் சட்டத்தின் மேல், சரியாக அந்தக் காது இருக்கிற இடத்தில், விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் எவ்வளவு ஆச்சு என்று கேட்டார்.