மதிப்பெண் குறைந்தால் பயிற்சி வீணா?

அன்புள்ள ஐயா,

நான் ஐ.டி.ஐ. ஒன்றில் எலக்ட்ரீசியன் பிரிவுக்குப் பயிற்றுநர். தொழில்முனைவுப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாணவர்களிடம் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். ‘துணிந்து முடிவெடுப்பேன்’, ‘என்னால் ஒரு தொழிலை நடத்த முடியும்’ போன்ற வரிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பயிற்சிக்குப் பின் பலருக்கு மதிப்பெண் இறங்கிவிட்டது. ‘சொந்தத் தொழில் தொடங்குவேன்’ என்ற வரியில் நல்ல சரிவு. பயிற்சியால் பலனில்லை என்று அறிக்கை எழுதிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவசரப்படாதீர்கள். நெதர்லாந்தில் அவான்ஸ் என்ற தொழிற்கல்லூரியிலும் ஏறக்குறைய இப்படித்தான் ஆனது. அங்கே மாணவர்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு குட்டிக் கம்பெனி தொடங்குவார்கள். பங்கு விற்றுப் பணம் திரட்டி, பொருள் விற்று, ஆண்டுக் கடைசியில் கணக்கை முடித்து மூடிவிடுவார்கள். கல்லூரியின் ஒரு வளாகத்தில் இந்தத் திட்டம் இருந்தது, இன்னொன்றில் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு ஓஸ்டர்பேக், வான் ப்ராக், ஐசல்ஸ்டைன் மூவரும் 2010இல் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட திறன் மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்தே போனது. தொழில் என்றால் என்ன பாடு என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது ஆய்வாளர்கள் தந்த ஒரு விளக்கம்.

உங்கள் பையன்களுக்கும் அப்படி நடந்திருக்கலாம். பயிற்சி அறுவையாக இருந்து வெறுத்தும் போயிருக்கலாம். இரண்டில் எது என்று அந்தக் கேள்வித்தாள் சொல்லாது. அதன் கோளாறே அதுதான்: திறமையை விட்டுவிட்டு, திறமையைப் பற்றி அவனவன் வைத்திருக்கும் நினைப்பை அளக்கிறது.

ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். எரிந்துபோன 1 எச்.பி. மோட்டாரை மேசைமேல் வைத்து, ‘இதற்குக் காயில் கட்ட எவ்வளவு கேட்பாய்?’ என்று எழுதச் சொல்லுங்கள். காப்பர் வயர், இன்சுலேஷன் பேப்பர், வார்னிஷ் எல்லாம் ஒழுங்காக எழுதிவிடுவார்கள். தன் கூலியை எழுதுகிறானா? பேரிங்கைச் சுழற்றிப் பார்த்தானா? கழற்றிய பழைய செம்பு யாருக்கு என்று முதலிலேயே பேசிக்கொள்கிறானா? (பாதிச் சண்டை அதில்தான் வரும்.) அட்வான்ஸ் கேட்கிறானா, அதைக் கேட்கவே கூச்சப்படுகிறானா? அப்புறம் நீங்களே வாடிக்கையாளராகி, ‘பக்கத்துக் கடையில் முந்நூறு கம்மி’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே முந்நூறைக் குறைப்பவனும், எந்த வயர் போடுவார்கள் என்று திருப்பிக் கேட்பவனும் உங்கள் கேள்வித்தாளில் ஒரே 4 போட்டிருப்பார்கள்.

பயிற்சிக்கு முன்பே ஒருமுறை, முடிந்தபின் வேறொரு வேலையை வைத்து ஒருமுறை. இரண்டு பயிற்றுநர்கள் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. பயிற்சி எடுக்காத பிரிவு ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சரி, அறிக்கை. சரிவை மறைக்காமல் அப்படியே எழுதுங்கள். ‘மாணவர்களின் தன்மதிப்பீடு குறைந்துள்ளது, திறன் நேரடியாக அளக்கப்படவில்லை’ என்று போட்டால் போதும்.