இரண்டும் சோகப் பாட்டாக வேண்டாம்

இசை நாடகப் பட்டப்படிப்புக்கு உங்கள் மகள் தேர்ந்தெடுத்த இரண்டு பாடல்களுமே மெதுவான சோகப் பாடல்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றைக் கட்டாயம் மாற்றிவிடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பலவும், நேரடித் தேர்வுக்கு யாரை அழைப்பது என்று முடிவுசெய்யக் கேட்கும் முதற்கட்ட வீடியோவில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பாடல்களைக் கேட்கின்றன. பெரும்பாலும் அதில் ஒன்று 1970க்கு முந்தைய பிராட்வே பாடலாக (நியூயார்க் இசை நாடக மேடைப் பாடலாக) இருக்க வேண்டும். அந்தப் பழையதைத் துள்ளலாக, நகைச்சுவையாக எடுக்கலாம்.

ஒரு பாட்டுக்குக் கிடைப்பது 60 முதல் 90 வினாடிதான். அதனால் பாத்திரத்தின் மனம் மாறுகிற பகுதியை வெட்டி எடுங்கள். தொண்டை சரியில்லாத நாளிலும் உச்ச ஸ்வரம் வருமா? வராது என்றால் எவ்வளவு அழகான பாட்டானாலும் விட்டுவிடுங்கள். பதினேழு வயதுப் பெண் நாற்பது வயது மனைவியின் ஏக்கத்தைப் பாடுவதும் ஒட்டாது.

அப்புறம், ஆண்டு வரம்பும் நீளமும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விதிகளைப் படித்துவிட்டே பதிவு செய்யுங்கள்.