பத்திரம் அப்பா பெயரில், பட்டா விற்றவர் பெயரில்: பனங்காடு கைவிட்டுப் போகுமா?

கேள்வி: பெரியபட்டினம் பக்கம் கடலை ஒட்டி 40 சென்ட் பனங்காட்டை அப்பா 1992-இல் கிரயம் வாங்கிப் பதிவு செய்தார். பட்டாவை மாற்றவில்லை. அப்பாவும் இல்லை, விற்றவரும் இல்லை. இப்போது விற்றவருடைய மகன்கள், "பட்டா எங்கள் தகப்பனார் பெயரில் இருக்கிறது, நிலம் எங்களுடையது" என்று வெளியூர்க்காரர் ஒருவரிடம் விலை பேசுகிறார்கள். ஆண்டுதோறும் பனையேறுபவருக்குக் குத்தகைக்கு விடுவது நாங்கள்தான். அசல் பத்திரம் தொலைந்துவிட்டது; ஜெராக்ஸ் இருக்கிறது. அப்பா உயில் எழுதவில்லை. அம்மா, நான், தங்கை இருக்கிறோம்.

பதில்: போகாது. ஆனால் இந்த மாதமே நீங்கள் அலுவலகப் படியேற வேண்டும்.

பட்டா என்பது தீர்வை யாரிடம் வசூலிப்பது என்பதற்காக வருவாய்த் துறை வைத்திருக்கும் கணக்கு. அது உரிமையைத் தருவதும் இல்லை, பறிப்பதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவுப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் விற்பனை பதிவுபெற்ற பத்திரத்தால்தான் நிறைவேறும். உங்கள் அப்பா அதைச் செய்துவிட்டார். 1992-லேயே விற்றுவிட்டவரிடம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல அந்த 40 சென்ட்டில் எதுவும் மிச்சமில்லை.

பிறகு ஏன் அவசரம் என்கிறேன்? நம் நாட்டில் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவாவது பத்திரம்தான். இவர்தான் உரிமையாளர் என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை. உரிமை யாருடையது என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது சார்பதிவாளரின் வேலையும் இல்லை. பட்டாவைக் காட்டி அவர்கள் இன்னொரு கிரயத்தைப் பதிந்துவிட்டால், சட்டத்தில் உங்கள் பத்திரமே முந்தும். ஆனாலும் அதை நிலைநாட்ட நீங்கள் வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடக்க நேரும்.

முதலில், 1992 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போடுங்கள். அதில் கிடைக்கும் ஆவண எண்ணைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அசல் பத்திரம் தொலைந்ததற்கு உரிய விளக்கத்துடன் அந்த நகல் நீதிமன்றத்தில் சாட்சியமாகும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீதும் வாங்கிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய ஜெராக்ஸின் சொத்து விவரத்தை இரண்டு முறை படித்தேன். "1 ஏக்கர் 10 சென்ட்டில் தென்புறம் 40 சென்ட், இதற்குத் தெற்கே கடற்கரைப் புறம்போக்கு, மேற்கே வண்டிப்பாதை" என்றிருக்கிறது. சிக்கலின் வேர் இங்கேதான். அப்பா வாங்கியது ஒரு சர்வே எண்ணின் பகுதி. அதைத் தனி எண்ணாகப் பிரித்து உட்பிரிவு செய்யாததால் புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) இன்னும் ஒரே கட்டமாகக் கிடக்கிறது. எனவே உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல் கேளுங்கள். சர்வேயர் அளக்கும்போது நேரில் நில்லுங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) கணக்கில் வரும். 40 சென்ட் என்பது ஏறத்தாழ 16.2 ஏர். தெற்கே புறம்போக்குக்குள் ஓரடிகூட வேலி தள்ளாதீர்கள். அந்த ஓரடியைப் பிடித்துக்கொண்டு உங்களையே ஆக்கிரமிப்பாளர் என்பார்கள்.

மனுவில் அம்மா, தங்கை பெயர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். வாரிசுச் சான்றும் இணையுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா இறந்தபோது அவருடைய தாயார் உயிரோடு இல்லையென்றால், உங்கள் மூவருக்கும் சம பங்கு. கட்டிக்கொடுத்த பெண்ணை விட்டுவிட்டு மனு எழுதும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அது அநியாயம், பின்னாளில் வழக்காகவும் திரும்பும்.

எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் தாசில்தார் பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்தை நாடச் சொல்லிவிடுவார். அதற்காகக் காத்திராமல், மகன்களுக்கும் வாங்க வருபவருக்கும் இப்போதே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பணத்தோடு வருகிறவர் பலரும் நோட்டீஸைக் கண்டதும் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். மகன்கள் பின்வாங்காவிட்டால், உரிமை விளம்புகைக்கும் (நிலம் உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிப்பது) நிரந்தர உறுத்துக் கட்டளைக்கும் (அவர்கள் தலையிடக் கூடாது என்ற நிரந்தரத் தடை) வழக்குப் போடுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது யார் வாங்கினாலும் தீர்ப்பு அவரையும் கட்டும். அவர்கள் உங்கள் உரிமையை முதன்முதலில் மறுத்த நாளைக் குறித்து வையுங்கள். விளம்புகை கேட்க அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் காலவரம்பு.

பனையேறுபவர் இந்த வழக்கில் உங்களுக்குப் பெரிய பலம். எத்தனை பருவமாக யாரிடம் குத்தகைப் பணம் கொடுத்தார் என்று அவர் சொல்வதே நிலம் உங்கள் அனுபவத்தில் இருப்பதற்குச் சாட்சி. இந்த ஆண்டுக் குத்தகையையாவது தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துடன் வைத்துக்கொள்ளுங்கள்.